பேராசிரியருக்கு அம்மா வாங்கிய பழங்கள்

கூலிம் நகரில் ஃபேக்டரி ஷிஃப்ட் பார்க்கும் என் அம்மா, யாரிடமும் உதவி கேட்டு வெறுங்கையோடு போகமாட்டார்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு வேதியியல். வகுப்பில் பாதி விளங்காது. போன தேர்வில் தோல்வி வேறு. ஆனாலும் பேராசிரியரின் ரப்பர் பால் ஆராய்ச்சியில் சேர ஆசை. கேட்கப் போன அன்று அம்மாவும் லீவு போட்டு வந்துவிட்டார். "பெரியவங்கள சும்மா போய்ப் பாக்கக் கூடாதுலா" என்று ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டார்.

பழப்பையை மேசைமேல் வைத்ததும் பேராசிரியரின் முகம் மாறியது. "தேர்வில் தோற்ற மாணவியிடம் நான் இதை வாங்கினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று மலாயில் கேட்டார். "மரியாதைக்குத்தான் சார்" என்றார் அம்மா, மெல்ல. ஆராய்ச்சியைப் பற்றிப் பேசாமலே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்தபடி அம்மா, "நான் வந்திருக்கக் கூடாதோ?" என்றார்.

இப்போது தனியாகவே பேராசிரியரிடம் போகிறேன், விளங்காத பாடத்தைக் கேட்க. ஆராய்ச்சியில் இடம் இன்னும் கிடைக்கவில்லை. கிளம்பும்போதெல்லாம் அம்மா, "வெறுங்கையோடவா போற?" என்பார். சிவப்பு மை கிறுக்கிய என் விடைத்தாளைத் தூக்கிக் காட்டுவேன்.