ஜும்ஆ நேரக் கணிப்பு

நான் பத்தாம் வகுப்புக்குப் பிறகு வரும் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். கணினி எப்போது வேகமாக ஓடும், எப்போது சுணங்கும் என்று எழுதுவதற்கு எனக்குத் தகுதியில்லை. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கணினியை வைத்து, பெண்களுக்கு இணைய விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். வருகிறவர்களைக் காக்க வைப்பது எனக்குக் கூச்சம். அதனால் ஒவ்வொரு விண்ணப்பமும் எத்தனை நிமிடத்தில் போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். நாளடைவில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு இழுக்கும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடைகளைப் பூட்டி ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குத் தொழப் போன நேரத்தில் மட்டும் நாலே நிமிடத்தில் போய்விடும். கொப்பியைப் பார்த்து நேரம் சொல்வேன். பெரும்பாலும் சரியாக வரும்.

"ராத்தாட கொப்பியப் பாத்தா மழ எப்ப வருமெண்டும் தெரியும்" என்று, என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிடும் பின்வீட்டுப் பிள்ளை பகிடி பண்ணுவாள்.

அவள்தான் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வந்தாள். வெள்ளி இரண்டு மணியோடு முடிவு. வயதெல்லைப்படி அவளுக்கு அதுதான் கடைசித் தடவை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது.

"இரிந்து பாப்பமா ராத்தா? சுணங்கினாலும் பரவால்ல."

"வேணாம் புள்ள. நாளைக்கு ஜும்ஆ நேரம் வா. நாலு நிமிசம்."

"ஓம், கொப்பி சொன்னாச் சரிதான்" என்று சிரித்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் தொடங்கும்போது உட்கார்ந்தோம். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மற்றப் பக்கங்கள் எல்லாம் பட்டென்று திறந்தன. விண்ணப்பப் பக்கம் மட்டும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கொப்பியில் இருந்தது எங்கள் ஊர் மட்டும்தான். எங்கள் ஊர் தொழப் போயிருந்தது. மற்ற ஊர்களில் இருந்தவர்கள் எல்லாரும் கடைசி நேரத்தில் அந்த ஒரே வாசலில் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மறுகா அமத்துங்க ராத்தா."

மறுபடி மறுபடி பொத்தானை அமத்தினேன். தொழுகை முடிந்து மோட்டார் சைக்கிள்கள் திரும்பும் சத்தம் கேட்டது. இரண்டு மணிக்குக் காலம் முடிந்துவிட்டதாகத் திரையில் வந்தது.

அவள் அழவில்லை. "கொப்பில பிழையில்ல ராத்தா. என்ட நஸீபு" என்று விதியின் மேல் பழியைப் போட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வியாழனன்று காத்திருக்கத் தயாராக இருந்தவளை எழுப்பி அனுப்பியது நான்.

மறுநாள் அவளுடைய உம்மா வந்து, அவள் என் மேசையில் விட்டுப்போன சான்றிதழ் உறையை வாங்கிக்கொண்டு போனார். பிறகு மூன்று பேர் வந்து, எந்த நேரம் வந்தால் நல்லது என்று கேட்டார்கள். இப்போதே உட்காருங்கள் என்றேன்.