கொழுந்தனார் விட்டுப்போன கடல் மீன் தொட்டி

கண்ணாடியை மூடியிருந்த பச்சைப் பாசியை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தபோது, உள்ளிருந்து ஓர் ஆரஞ்சு நிற மீன் என்னை முறைத்துப் பார்த்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் செத்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கொழுந்தனார் துபாய்க்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. அவருடைய தொட்டியில் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது; பவளங்களெல்லாம் வெளுத்துக் கிடந்தன. அத்தை, அதாவது என் மாமியார், யாருக்கும் தெரியாமல் அவ்வப்போது தீவனம் தூவியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நிலத்தைப் பிரிக்கச் சொல்லிக் கொழுந்தனார் கேட்கப்போய், வீட்டில் பெரிய சண்டை. “இனிமே எங்கிட்டப் பேசாதே” என்று அத்தை சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லை மட்டும் பிள்ளை அப்படியே கேட்டுக்கொண்டார்! அண்ணனோடும் பேச்சில்லை. தொட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பிய பிறகு, ஞாயிறுதோறும் எனக்குப் போன் வரும். “அண்ணி, மீன் எப்படி இருக்கு?” அவ்வளவுதான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடுவேன். அத்தை கீரை ஆய்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்; கீரை அப்படியே இருக்கும். மீன் போய்விட்டால் போனும் நின்றுவிடும். அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

எனக்கு மீன் என்றால் குழம்புச் சட்டியில்தான் பழக்கம். தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய, என் கணவர் தரங்கம்பாடியிலிருந்து கேனில் கொண்டுவந்த கடல் தண்ணீரையே ஊற்றிவந்தேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே? மீன் மூலையில் ஒதுங்கி வாயை வாயைத் திறந்தது. போனில் சொன்னதும் கொழுந்தனார் பதறிவிட்டார்.

“ஐயோ அண்ணி! தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு அங்கேயே நிக்கும். குறைஞ்சதுக்கு உப்பில்லாத நல்ல தண்ணிதானே ஊத்தணும்! இப்பவும் ஒரேயடியா ஊத்திடாதீங்க. தெனம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.”

வயலிலிருந்து வந்த கணவரிடம், “தொட்டியில உப்பு ஏறிடுச்சாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள், உப்புப் பூத்த வயலுக்குச் செய்வதை அவர் அப்படியே தொட்டிக்கும் செய்துவிட்டிருந்தார். பாதித் தண்ணீரை வடித்துவிட்டு, போர் தண்ணீரைத் தளும்பத் தளும்பக் கட்டியிருந்தார். வயல் என்றால் பிழைத்துக்கொள்ளும். தம்பி பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன், காலி வாளியோடு நின்று, “அவன் ஆசையா வளத்ததாச்சே, சீக்கிரம் சரியாகட்டும்னுதான்...” என்றார். நான் வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். மறுநாள் காலையில் மீன் மிதந்தது.

தஞ்சாவூர்க் கடையில் இதே மாதிரி ஒன்று வாங்கி விட்டுவிடலாமா என்று கேட்டேன். அத்தை வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. “அண்ணி, மீன் தேறிடுச்சா?” நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவந்து, என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

“மீனு செத்துப்போச்சுடா” என்றார். “நான் இருக்கேன். என்னைக் கேளு.”