ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

ஒரு லாப்டாப்பின் சத்தத்தைக் குறைக்க இரண்டு வருடம் துண்டு போட்ட ஆள் நான். குளிக்கிற துண்டு. பாட்டு கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் ஸ்பீக்கர் பெட்டிமேல் ஒரு மடிப்பு. இன்னும் கூடுதல் என்றால் இரண்டு மடிப்பு. இதை ஒரு வித்தை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் பன்னிரண்டு பெண்கள் குத்துப்பாட்டுக்கு ஆடி உடற்பயிற்சி செய்வார்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி. பாட்டுப் போடுவதும், ஒன்று இரண்டு என்று கத்தி எண்ணுவதும் நான். அதே நேரத்தில் மண்டபத்தின் மறுபாதியில் சீனப் பெரியவர்கள் தாய்ச்சி என்ற, மெதுவாக அசையும் சீன உடற்பயிற்சி செய்வார்கள். நடுவில் சுவர் கிடையாது.

ஸ்பீக்கரின் திருகு எப்போதோ உடைந்து ஒரே இடத்தில் இறுகிவிட்டது. கூட்டவும் குறைக்கவும் லாப்டாப்பை விட்டால் வழியில்லை. திரையில் ஐந்து கட்டம் வைத்தால் எங்கள் கடைசி வரிசைக்குக் கேட்காது. ஆறு வைத்தால் தாய்ச்சிக்காரர்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே ஆறு, மேலே துண்டு. புது ஸ்பீக்கர் வாங்கலாமே என்று கேட்டவர்களிடம், வாங்கினால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தம் என்றேன். யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

ஒரு ஞாயிறு, பாட்டு உச்சத்தில் இருந்தபோது துண்டு நழுவியது. எதிர்ப்பக்கம் ஒற்றைக்காலில் நின்ற ஓர் அம்மாள் திடுக்கிட்டுப் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் தானே வந்து நின்று கேட்பதாகவும், சத்தம் மீறினால் மண்டபம் இனி தாய்ச்சிக்காரர்களுக்கு மட்டும்தான் என்றும் தாமான் தலைவர் சொல்லிவிட்டுப் போனார்.

தாய்ச்சி சொல்லித்தருபவர் ரெங்கம் என்ற ஊரில், தமிழர்கள் வேலை செய்த தோட்டத்து மளிகைக்கடையில் வளர்ந்த சீனர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"தம்பி, துண்ட குளிக்க வச்சுக்கோ லா."

"அங்கிள், நீங்க சத்தமில்லாம செய்யறத வீட்லயே செய்யலாம். நாங்க வீட்ல குதிச்சா பக்கத்து வீட்டுக்காரன் போலீச கூப்புடுவான்."

"நிறுத்தச் சொல்லலயே. கொறைக்கத்தான் சொல்றேன்."

"கொறைச்சா எங்க கடைசி வரிச ஆடாது, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கும். முடியாது அங்கிள்."

வீட்டில் இதைவிடச் சூடு. மனைவி வாரத்தில் ஆறு நாள் ஃபேக்டரியில் நின்றே வேலை செய்கிறவள்.

"எனக்குன்னு இருக்கறதே அந்த ஒரு மணி நேரம். அதுவும் போச்சுன்னா ஞாயித்துக்கெழம முழுக்க உங்க மூஞ்சியத்தான் பாக்கணும். லாப்டாப்ப இங்க குடுங்க, நானே சத்தத்தக் கொறைக்கிறேன்."

"குடுக்க மாட்டேன். மண்டபத்தையும் குடுக்க மாட்டேன்."

வீரமாகத்தான் சொன்னேன். ஆனால் கையில் இருந்த ஒரே ஆயுதம் துண்டு. வேறு வழியில்லாமல் சனிக்கிழமை, அந்த லாப்டாப்பின் உதவிப் பக்கத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்தேன். ஆப்ஷன், ஷிப்ட் இரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டும் பட்டனைத் தட்டினால், முழுக் கட்டமாகத் தாவாமல் கால் கால் கட்டமாக ஏறுமாம். தட்டிப் பார்த்தேன். ஏறியது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் மூன்று படிகள் இத்தனை நாளும் என் விரலுக்கடியில் இருந்திருக்கின்றன.

மறுநாள் தலைவர் மண்டபத்தின் நடுவில் கைகட்டி நின்றார். துண்டை வேண்டுமென்றே வீட்டில் விட்டு வந்திருந்தேன். ஐந்து வைத்தேன். கடைசி வரிசை காதைத் தொட்டுக் காட்டியது. கால் கட்டம் ஏற்றினேன். இன்னொரு கால். இன்னும் ஒன்று. ரெங்கத்துக்காரரின் புருவம் உயர்ந்தது. ஒரு கால் இறங்கினேன். ஐந்தரை. புருவம் இறங்கியது, கடைசி வரிசை ஆடத் தொடங்கியது. மனைவி என் பக்கம் திரும்பாமலே கைதட்டித் தாளம் பிடித்தாள்.

தலைவர் ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டுவிட்டு, "ஓகே லா, ரெண்டு பேரும் இருங்க" என்று சொல்லிப் போனார். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? "ஒன்னு! ரெண்டு! கால் எங்கம்மா, தூக்குங்க தூக்குங்க!" என்று கடைசிப் பாட்டுவரை கத்தித் தீர்த்தேன்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ரெங்கத்துக்காரர் வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

"பாட்டு சரியா இருக்கு தம்பி. இவ்ளோ நாளா எங்களால தாங்க முடியாதது உன் வாய்தான்."