தண்ணி நிக்கிற வரைக்கும்

ஞானதுரையின் கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘லாங்வேஜ் ஃபெசிலிடேட்டர்’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன என்று தாராவியில் யாராவது கேட்டால், “டாக்டருக்கு அடுத்த போஸ்ட்” என்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதை மாட்டிக்கொண்டு கிளம்புவதைத்தான் அவர் மனைவி பொன்செல்வியால் சகிக்க முடியவில்லை.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் பம்பாய்க்கு வந்தவர். செம்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இருபத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டினார். தரைத்தளத்தில் ஏறிய நோயாளி நான்காம் மாடியில் இறங்குவதற்குள் தன் கதை முழுவதையும் சொல்லி, மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்து முடித்துவிடலாம். அந்த லிஃப்ட் அவ்வளவு நிதானம். கேட்டுக் கேட்டு வலியில் எத்தனை தினுசு உண்டு என்பது ஞானதுரைக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, கடுப்பு வேறு. நான்காம் மாடியில்தான் மூட்டுவாதப் பிரிவு. அதன் தலைவி டாக்டர் பத்மஜா மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கும் தாய்மொழி தமிழ்தான். ஆனால் தாராவிக்காரி ஒருத்தி வந்து “முட்டு கெடந்து கொடையுது” என்றால், “என்னத்தைக் குடையறது?” என்று கேட்கிற தமிழ்.

பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து டாக்டர்கள் பயிற்சிக்கு வரத் தொடங்கினார்கள். ஒரு நேரத்தில் ஒருவர், ஆறு மாதம். படித்துத் திரும்பிப் போய் அங்கே மூட்டுவாதத்துக்கென்று ஒரு பிரிவை முதல் செங்கல்லிலிருந்து கட்ட வேண்டும், நர்சுகளைப் பழக்க வேண்டும். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. அதே மாதம் பழைய லிஃப்டை எடுத்துவிட்டு பட்டனை அமுக்கினால் தானே போகிற லிஃப்டை வைத்தார்கள். ஞானதுரையை என்ன செய்வது என்று விழித்த நிர்வாகம் அவரை அந்தப் புது லிஃப்டிலேயே நான்காம் மாடிக்கு ஏற்றி, கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டது.

மொழிபெயர்ப்பில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. சொன்னதைச் சொன்னபடி சொல்வதற்கு ஆள் எதற்கு? நோயாளி பத்து நிமிஷம் புலம்பினால் “பெயின், மேடம்” என்று முடித்துவிடுவார். டாக்டர் ஒரு வரி கேட்டால் பத்து வரி திட்டுவார். திட்டுவதற்குக் காரணமும் இருந்தது. இந்த மூட்டுவாதத்தை முதல் சில மாதங்களில் பிடித்துவிட்டால் விரல்கள் தப்பிக்கும், விட்டுவிட்டால் கோணிக்கொள்ளும், கோணியது நிமிராது. டாக்டர் பத்மஜா இதைத் தினமும் சொல்லுவார். வருகிறவர்களோ ஒன்று விடாமல் தாமதமாகத்தான் வந்தார்கள். “ஏம்மா இம்புட்டு லேட்டா வந்தீய?” என்று ஞானதுரை எரிந்து விழுவார். அந்தக் கோபம் நடிப்பில்லை. “இதற்கு முதலில் யாரிடம் காட்டினீர்கள், என்ன சொன்னார்கள்?” என்று டாக்டர்கள் ஆங்கிலத்தில் கேட்பதை அவர் தமிழில் இப்படிச் சுருக்கி வைத்திருந்தார்:

“எந்தக் கூறுகெட்டவன் வாயுன்னு சொன்னான்?”

நாத்தனார், மருந்துக் கடைக்காரன், எதிர் வீட்டுக்காரி என்று பதில் வரும். டாக்டர் எழுதிக்கொள்வார். கேள்வி வேலை செய்தது, யாருக்கும் புகார் இல்லை.

இப்போது அவர் வீட்டுக்கு வருவோம். ஒரே மகன் கல்யாணமாகி டோம்பிவிலிக்குப் போய்விட்டான். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். ஒரு நாள் காலையில் பொன்செல்வி சொன்னாள்: “ஏங்க, வெரல மடக்க முடியல. முட்டெல்லாம் வீங்கிக் கெடக்கு.”

ஞானதுரை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வாயுவாத்தான் இருக்கும். உருளக்கெழங்க நிப்பாட்டு.”

நிப்பாட்டினாள். உருளைக்கிழங்கு இல்லாத பூரிக்கு அவர்தான் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது முறை சொன்னபோது பூண்டைத் தட்டிப் பாலில் போடச் சொன்னார். மூன்றாவது முறை அவள் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் குடங்கள் எல்லாம் அரைக்குடமாகவே இருந்தன. “தண்ணி சரியா வரலியா பிள்ள?” என்று கேட்டார். “வரல” என்றாள். இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது! நான்காம் மாடியில் நாளுக்கு முப்பது கையைப் பார்க்கிற கண், வீட்டில் பேப்பரைத்தான் பார்த்தது.

இந்த நிலையில்தான் ஜாம்பியா நாட்டு என்டோலா நகரத்திலிருந்து டாக்டர் முவான்சா வந்து சேர்ந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. சிரித்தால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். காதில் விழுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். தமிழில் ‘வணக்கம்’, ‘சாப்டாச்சா’ இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார். மூன்றாவதாக, எல்லா நோயாளியிடமும் கேட்கப்படுவதால் மிக முக்கியமானது என்று நினைத்து, அந்தக் கூறுகெட்டவன் கேள்வியையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து விடுதியில் சொல்லிச் சொல்லிப் பழகினார். ஞானதுரைக்கு இது தெரியாது.

ஒரு நாள் பிச்சம்மாள் என்ற நோயாளி வந்தாள். தாராவிக்காரி, அறுபது வயது. காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று முவான்சா கேட்டார். இந்த நோய்க்கு அது தலையான கேள்வி.

“தண்ணி நிக்கிற வரைக்கும் இருக்கும்” என்றாள் பிச்சம்மாள்.

“டில் வாட்டர் ஸ்டாப், மேடம்” என்றார் ஞானதுரை.

மூட்டுக்குள் நீர் கோத்திருப்பதைத்தான் சொல்கிறாள் என்று முவான்சா எடுத்துக்கொண்டார். முழங்காலை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். நீரை உறிஞ்சி எடுக்கப் பெரிய ஊசியாகக் கேட்டார். ஊசியைக் கண்டதும் பிச்சம்மாள் கட்டிலிலிருந்து குதித்த வேகத்தைப் பார்த்தால் அவளுக்கு மூட்டு நோய் என்று யாரும் நம்பமாட்டார்கள். சத்தம் கேட்டு டாக்டர் பத்மஜா ஓடி வந்தார்.

“என்ன தண்ணி? எங்கே நிக்கறது?”

“கொழாத் தண்ணிதான் டாக்டரம்மா! காலையில அஞ்சரைக்கு வந்து எட்டு மணிக்கு நிக்கும்லா, அது வரைக்கும் கை காலு நம்ம பேச்சு கேக்காது. அதுக்குப் போயி இம்மாம்பெரிய ஊசியா?”

பத்மஜா தலையில் கை வைத்துக்கொண்டார். “ஞானதுரை, அவா சொல்றதை முழுசாச் சொல்லுங்கோ. நீங்க பாதியை முழுங்கினா இங்கே ஊசியை ஏத்திடுவா.”

விஷயம் புரிந்ததும் முவான்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தார். என்டோலாவிலும் இதே கதைதான் என்றார். எத்தனை நிமிஷம் என்று கேட்டால் பெண்கள் முகத்தையே பார்ப்பார்களாம். அங்கேயும் குழாயடிதான், அங்கேயும் வரிசைதான், யாருக்கும் கடிகாரத்தைப் பார்த்து வலிப்பதில்லை. நிமிஷத்தைக் கேட்காதே, தண்ணீரைக் கேள் என்று எழுதினார். குழாயைத் திறக்கும்போது வலிக்கிறதா, குடத்தின் கழுத்தைப் பிடிக்கும்போதா, இடுப்பில் ஏற்றும்போதா? இதை நேரில் பார்த்துத் தன் நர்சுகளுக்கு ஒரு கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும் என்றார்.

“கம் மை ஹவுஸ், மேடம். மார்னிங் ஃபைவ் தர்ட்டி” என்றார் ஞானதுரை. ஊசி விவகாரத்தில் போன மானத்தை எப்படியாவது மீட்க வேண்டியிருந்தது.

மறுநாள் அவருடைய சந்தில் குழாயடி திருவிழாவாக இருந்தது. ஆப்பிரிக்கா டாக்டரம்மா வந்திருக்கிறாள் என்று மாடிப்படியெல்லாம் தலைகள். ஞானதுரை சலவைச் சட்டை போட்டு, அட்டை மாட்டி, கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். “சீ மேடம், ஃபர்ஸ்ட் டேப் ஓபன். தென் கொடம். தென் ஹிப்.” வரிசையில் அடுத்த ஆள் பொன்செல்வி.

அவள் குழாயை விரலால் திருகவில்லை, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இடித்துத் திறந்தாள். பாதி நிறைந்ததும் அதே மாதிரி இடித்து மூடினாள். குடத்தின் கழுத்தைத் தொடாமல், இரண்டு முழங்கையையும் அடியில் கொடுத்து, தூங்குகிற குழந்தையை அள்ளுவதுபோல அள்ளினாள்.

முவான்சா எழுதுவதை நிறுத்தினார். நேராகப் போய்க் குடத்தை வாங்கிக் கீழே வைத்தார். பொன்செல்வியைப் படியில் உட்காரவைத்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு முட்டாக அமுக்கினார். அந்த அமுக்கலை ஞானதுரை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். எந்த முட்டில் நோயாளி முகத்தைச் சுளிப்பார் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதே முட்டில் பொன்செல்வி சுளித்தாள். அவருக்குப் பயம் வந்தது, சாதாரணப் பயம் இல்லை.

விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேட்கும்படி முவான்சா அவரைப் பார்த்தார். கேட்டார்.

“தண்ணி நின்ன பொறவும் இருக்கும். மத்தியானம் சோறு வடிக்கையிலதான் விடும்.”

எத்தனை மாதம்?

“பதினாறு மாசம் ஆச்சி.”

இரண்டையும் ஞானதுரை முழுசாகச் சொன்னார். முவான்சா தலையாட்டிவிட்டு, பொன்செல்வியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் தானே கேட்டார்:

“எந்தக் கூறுகெட்டவன் வாயுன்னு சொன்னான்?”

பொன்செல்வி டாக்டரைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள்.

“இந்தா நிக்காவல்லா, கழுத்துல அட்டைய மாட்டிக்கிட்டு. இவியதான்.”

மாடிப்படியில் எவளோ களுக்கென்று சிரித்தாள். முவான்சாவுக்குப் பதில் புரியவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்புக்காக ஞானதுரையை நிமிர்ந்து பார்த்தார். நாத்தனார் என்று சொல்லியிருக்கலாம். அந்தம்மாள் இருப்பது தூத்துக்குடியில், மறுத்துப் பேச வரப்போவதில்லை. வாய் வரைக்கும் வந்தது.

“மைசெல்ஃப், மேடம்” என்றார்.

முவான்சாவின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது. என்டோலாவில் நர்சுகளுக்கு அவர் இன்று நடத்தும் பாடத்தில் முதல் உதாரணமே இதுதானாம்: நோயாளியின் கணவர் மூட்டுவாதப் பிரிவின் ஊழியர். நோயைக் காணத் தவறியவரும் அவரே. ஞானதுரையின் புகழ் கடல் தாண்டிப் போய்விட்டது.

ஆனால் அன்று குழாயடியில் முவான்சா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தார். நாலு வருஷமாக ஊரார் பெண்டாட்டிகளுக்கு ஞானதுரை படபடவென்று சொல்லி வந்த அதே வரிகள்தான். இப்போது ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்க வேண்டியிருந்தது.

“வலது கையில ரெண்டு வெரலு கோணிட்டாம் பிள்ள. இனி நிமிராதாம். மத்ததக் காப்பாத்திரலாமாம். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணுமாம்.”

பொன்செல்வி அந்த இரண்டு விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் அழவில்லை.

“அவ்வளவுதானா? இதுக்குப் பொறவு நீங்க ஒண்ணு கேப்பீயளாமே, வாறவிய எல்லாருட்டயும்? ஏம்மா இம்புட்டு லேட்டா வந்தீயன்னு. பிச்சம்மா சொன்னா. அதையும் கேட்டுருங்க.”

ஞானதுரை கேட்கவில்லை. அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குழாயடியில் அரைகுறையாக நின்ற குடத்தை விளிம்பு வரை நிரப்பித் தூக்கினார். நிறைகுடம் இவ்வளவு கனக்கும் என்று அவருக்குத் தெரியாது.