பார்க்கக்கூடிய வெளிச்சம்

அப்பா வளர்ப்புமீன் கடைக்குள் வெல்டிங் முகமூடியோடு நுழைந்தார். வீட்டில் வைத்திருந்த கடல்நீர்த் தொட்டிக்கு விளக்கு வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் ஒவ்வொரு விளக்காக எரியவிட்டார். அப்பா ஒரு தலையாட்டலில் முகமூடியை இறக்கிவிட்டு ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, இது பவளம் வளக்கிற லைட்டு. கப்பல் ஒட்டுற லைட்டு இல்ல."

"லைட்டுன்னா லைட்டுதான். இந்தக் கண்ணாடி வழியா தெரியாததெல்லாம் டார்ச்சு."

எல்.இ.டி. விளக்குகள் எதுவும் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தெரியவில்லை. நான் சிபாரிசு செய்ததும் அவற்றில் ஒன்று. கைப்பேசியிலேயே கூட்டலாம், குறைக்கலாம். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கூட்டிக் குறைக்க முடியாத எதன் மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது.

கடைசியாக, மூலையில் தூசி படிந்து கிடந்த மெட்டல் ஹாலைடு விளக்கு ஒன்று வந்தது. பழைய ரகம். நீலம் கலந்த வெள்ளை. தொட்டால் கை வெந்துவிடும். எரிந்தால் முழுதாக எரியும், இல்லையென்றால் அணையும்.

"பச்சைப் புள்ளி!" என்று முகமூடிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "தெரியுது. இதைக் கட்டு."

"உங்க தொட்டிக்கு அது ரொம்ப ஜாஸ்திண்ணே."

"வெயில் ஜாஸ்தின்னு எந்தச் செடியாவது அழுதிருக்கா?"

"இது செடி இல்ல, பிராணி. செடி மாதிரி வெளிச்சத்தைத் தின்னுற பிராணி."

"அப்ப நல்லா தின்னட்டும்."

அப்பா வெல்டர். கேட், ஏணி, மாடிப்படிக் கைப்பிடி என்று ஊரில் பாதி இரும்பு அவர் ஒட்டியதுதான். என் சின்ன வயதில் நானும் அம்மாவும் பட்டறைக்குப் போனால் அவர் எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "இந்தப் பக்கம் பாக்காதே." அதனால் அவர் வேலை செய்வதை நாங்கள் பார்த்ததே இல்லை. எதிர்ச்சுவரில் துள்ளிய அவருடைய நிழலைத்தான் பார்த்திருக்கிறோம்.

மீன்கடையில் ஒரு அலமாரியை ஒட்டப் போனபோதுதான் அவர் சுத்தியல் பவளத்தைக் கண்டார். அதன் விரல் நுனிகள் சின்னச் சின்னச் சுத்தியல் தலைகள்போல இருக்கும், தண்ணீரில் ஆடும். "என் டூல் பாக்ஸ்ல இருக்கவேண்டியது இங்க என்ன பண்ணுது?" என்றாராம். கூலிக்குப் பதில் அதைக் கேட்டு வாங்கி வந்தார். தொட்டி, உப்புநீர், பம்பு எல்லாம் அந்த ஒரு பவளத்துக்காக.

எதற்கு இந்த வயதில் இது என்று அம்மா கேட்டாள்.

"நான் போடுற வெளிச்சத்தை ஒருத்தரும் பாக்கக்கூடாது, கண்ணு போயிடும். எல்லாரும் உக்காந்து பாக்கற மாதிரி ஒரு வெளிச்சம் நம்ம வீட்ல எரியட்டுமே."

அம்மா தன் தையல் மெஷினைச் சுவரோரம் நகர்த்தித் தொட்டிக்கு இடம் விட்டாள்.

அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஜன்னல் திரைகள் தைக்கிறவள். புது விளக்கு எரிந்த முதல் நாளே ஒரு காப்பிக்கலர் திரைக்கு ஊதா நூல் போட்டுவிட்டாள். அந்த நீல வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. திரை திரும்பி வந்தது.

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டேன். என்னங்க, கண்ணாடியில உங்க மூஞ்சியப் பாத்தீங்களா? மூணு நாள் தண்ணியில கெடந்த மாதிரி இருக்கு."

"உனக்கு மட்டும் என்ன, நீலாம்பரி மாதிரி இருக்கே."

அம்மா ஊசியை வாயில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

அந்த வாரமே பவளம் வெளுக்கத் தொடங்கியது. பச்சை போய், பழுப்பு போய், எலும்பு தெரிகிற மாதிரி ஆனது. விரல்கள் சுருங்கின. கடைக்காரர் வந்து பார்த்தார்.

"வெயில் சுட்டிருக்கு. ஒரு வாரத்துல சரி பண்ணலன்னா போயிடும். லைட்டை ஒரு முழம் மேல ஏத்துங்கண்ணே."

விளக்கைத் தாங்கிய சட்டத்தைத் தொட்டியின் ஸ்டாண்டோடு அப்பா ஒட்டிவிட்டிருந்தார். போல்ட் கிடையாது. அப்பா வாழ்நாளில் போல்ட் போட்டதில்லை. கழற்றுகிற மாதிரி செய்வது அரைகுறை வேலை என்பது அவர் கட்சி. அறுக்கலாமென்றால் இரும்புத் தூள் தண்ணீரில் விழும்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். "வேலை கத்துக்கிறப்போ ஒருதடவை மூடாம பாத்துட்டேன். கண்ணுக்குள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிஞ்சுது. பாவம், இதுக்கு மூடிக்கறதுக்குக் கண்ணு கூட இல்ல."

அம்மா மெஷினை நிறுத்தினாள்.

"ஜன்னல்ல வெயில் ஜாஸ்தின்னா என்ன பண்ணுவாங்க? ஜன்னலைப் பேத்தா எடுப்பாங்க? திரை போடுவாங்க."

பிளாஸ்டிக் குழாயில் நான் ஒரு சட்டம் செய்தேன். அம்மா அதில் கொசுவலையை நாலு துண்டாக வெட்டி அடுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பிரிக்கிற மாதிரி இழையோட்டினாள். அந்த ஊதா நூலால்தான். தொட்டியின் வாய்மேல் வைத்து அளந்தேன். ஒவ்வொரு வலையும் தன்மேல் விழுந்த வெளிச்சத்தில் கால் பங்கைத் தின்றது. பவளம் தேறத் தேற, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகப் பிரிப்பது என்று முடிவானது.

"இதெல்லாம் தேறாதுண்ணே" என்றார் கடைக்காரர்.

"தேறி, குட்டி போடுற மாதிரி தலை ரெண்டா பிரிஞ்சுதுன்னா என்ன பண்ணுவே?"

"உங்க முகமூடியைப் போட்டுக்கிட்டு உங்க வீட்ல வந்து உக்காந்து பாக்கறேன்."

"இன்ஜினியரம்மா, நீதான் சாட்சி" என்று அப்பா என் பக்கம் திரும்பினார்.

விரல்கள் மெல்ல நீண்டன. முதல் வலையைப் பிரித்தோம். அந்த வாரம் அப்பா போய்விட்டார். பட்டறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை.

மிச்ச வலைகளை யாரும் தொடவில்லை. நான் உப்பின் அளவு பார்த்தேன், தண்ணீர் மாற்றினேன். அது செய்யத் தெரிந்த வேலை. ஞாயிறுகள் வந்தன, போயின.

ஒரு காலை அம்மா தொட்டி முன்னால் நின்று கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாரு. எப்படி எட்டி எட்டிப் பாக்குது."

சுத்தியல் விரல்கள் வழக்கத்தைவிட இருமடங்கு நீண்டு மேலே தாவிக்கொண்டிருந்தன. வெளிச்சம் போதாதபோது அப்படித்தான் நீளும்.

"பசிக்குது போல" என்றேன்.

"உங்கப்பா இருந்தா இவ்வளவு நாள் பட்டினி போட்டிருப்பாரா?" அம்மா கத்தரிக்கோலை எடுத்து, ஊதா நூலின் முடிச்சை அறுத்து, ஒரே இழுப்பில் உருவினாள். வலை தனியே வந்தது. கூடம் ஒரு படி வெளுத்தது.

அடுத்த ஞாயிறு ஒன்று. அதற்கடுத்த ஞாயிறு கடைசி வலை. பச்சை திரும்பியது. நூல் பொருத்துகிற வேலை மட்டும் வாசலுக்கு மாறியது. மாலையில் அக்கம்பக்கத்தவர்கள் வந்து தொட்டி முன்னால் உட்காரத் தொடங்கினார்கள். அவர்கள் முகமும் நீலமாகத்தான் இருந்தது. அம்மா எல்லோரையும் ஒரேமாதிரி கிண்டல் செய்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பவளத்தின் தலை நடுவில் இடுங்கியது. பிறகு இரண்டாகப் பிரிந்தது, இரண்டு வாயோடு. படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். கடையை அடைத்துவிட்டே வந்துவிட்டார்.

அம்மா முகமூடியைத் துடைத்து வைத்திருந்தாள். "சொன்ன வாக்கு, தம்பி."

"போடாம இருப்பேனா அண்ணி?"

அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து முகமூடியை மாட்டி, இறக்கினார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல அண்ணி. ஒரே இருட்டு. மேல ஒரு பச்சைப் புள்ளி மட்டும்."

"அதைப் பாத்துதானே வாங்கினார் அந்த மனுஷன்!" அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து என்னவோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் மட்டும் முகமூடியைக் கழற்றவில்லை. "இருங்க அண்ணி, இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்" என்றார்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. பாக்கறதுக்குத்தானே" என்றாள் அம்மா.