பின்னாடி வாங்கு

‘பின்வாங்குதல்’ என்ற சொல்லில் யாரும் எதையும் விலைக்கு வாங்குவதில்லை. பழைய தமிழில் வாங்குதல் என்றால் இழுத்தல், வளைத்தல். வில்லை வாங்கினார்கள் என்றால் வளைத்து இழுத்தார்கள். சுனாமி வந்தபோது கடல் உள்வாங்கியது என்று பேப்பரெல்லாம் எழுதியதே, அதுவும் இந்த வாங்குதல்தான். அகராதி பார்த்து இதைத் தெரிந்துகொண்டது பிற்பாடு. நான் முதலில் கேட்டது ஓசூரில், பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனியின் லோடிங் மேடையில். “பின்னாடி வாங்கு, லெஃப்ட்ல ஒடிச்சு வாங்கு” என்று என் நண்பன் கத்துவான். நான் லாரியை வாங்குவேன்.

அவன் கெலமங்கலத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழும் கன்னடமும். நான் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவன், தமிழை விட்டால் நாதியில்லை. ஒரே வயது, ஒரே ரூம், ஒரே ஷிஃப்ட். நான் டிரைவர், அவன் லோடிங் ஆள். ரிவர்ஸ் எடுக்கும்போது லாரியின் பக்கப் பலகையைத் தட்டிக்கொண்டே வருவான். தட்டும்வரை வரலாம், ஓங்கி ஒரே அடி அடித்தால் நிற்க வேண்டும். கண்ணாடியில் தெரியாத இடத்துக்கு அவன் கையைத்தான் நம்பியிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அவனுடைய புது செல்போனில் ஏதோ மெசேஜ் வந்திருக்கிறது. அதைப் படித்துக்கொண்டிருக்க, கை பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நானும் வந்துகொண்டே இருந்தேன். லாரி இடித்து, மேடையில் அன்று அனுப்பவேண்டிய பெட்டிகள் அடுக்கோடு சரிந்தன. யாருக்கும் அடியில்லை. ஆனால் எனக்கு வேலை நிரந்தரமாக மூன்று வாரம்தான் பாக்கி.

சாயங்காலம் ரூமில் அழுதான். “நானே சொல்லிடறேன் மாப்ள. உம்மேல தப்பில்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்” என்றான். நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? காட்டிக்கொடுத்த மாதிரி ஆகக் கூடாது, அவனே சொல்லிக்கொள்ளட்டும் என்று, விளக்கக் கடிதத்தில் ரிவர்ஸ் எடுக்கையில் நடந்துவிட்டது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படியொரு பெரிய மனுஷன் நான்.

விசாரிக்கப் பெங்களூரிலிருந்து வந்த அதிகாரி கன்னடக்காரர். என்னிடம் ஆங்கிலம் கலந்த தமிழில் கேட்டவர், அவன் பக்கம் திரும்பியதும் கன்னடத்துக்குப் போனார். அவனும் கூடவே போனான். என்னை ஒரு தடவைகூடப் பார்க்காமல் சொன்னான்: “நில்ஸு அந்தெ சார், கேள்லில்ல.” நிறுத்து என்றேன், இவன் கேட்கவில்லை. அதைப் புரிந்துகொள்ளக் கன்னடம் படித்திருக்க வேண்டியதில்லை. நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என் கடிதத்தையே எடுத்து நீட்டி, இதில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார்.

வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. பயந்திருப்பான், அவனுக்கும் வேலை வேண்டும், எல்லாம் சரி. பயந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே. பின்வாங்குதலுக்கு அகராதி போட்டிருக்கும் பொருளெல்லாம் ஒருவன் தானாக விலகிக்கொள்வதைத்தான் சொல்கிறது. அவன் விலகவில்லை. என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டான்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. லோடிங்குக்கு மாற்றினார்கள், நிரந்தரம் தள்ளிப்போயிற்று. அவனிடம் லைசென்ஸ் இருந்ததால் லாரி அவன் கைக்குப் போனது. முதல் நாள் நான் மேடையோரம் போய் நின்றேன். கண்ணாடியைக்கூடத் திருப்பிப் பார்க்காமல், ஜன்னல் வழியே தலையை நீட்டி, “நீ பின்னாடி நிக்கறப்ப எனக்கென்ன பயம் மாப்ள” என்றான். கேலி இல்லை. மனசாரத்தான் சொன்னான்.