குறுக்குக் கம்பியில் என் இடம்

எங்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தது. கூப்பிடு தூரத்திலேயே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு. அப்பாவோ என்னைச் செந்தூலில், தான் வேலை செய்த ரயில் பட்டறைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார். சைக்கிளின் குறுக்குக் கம்பியில் பழைய துண்டைச் சுற்றி, அதில் என்னை உட்காரவைத்துத் தினமும் அவ்வளவு தூரம் மிதித்தார்.

"பக்கத்துல இருக்கிற பள்ளிக்கூடத்த விட்டுட்டு எதுக்குங்க புள்ளைய அங்க இழுத்துக்கிட்டுப் போறீங்க?" என்று அம்மா சண்டை போடுவாள்.

"அங்கதான் நல்லாச் சொல்லிக் குடுக்கிறாங்க" என்பார் அப்பா. பச்சைப் பொய். அந்த வாத்தியார் பாதி நேரம் தூங்குவார். "தொரைசானி ஊர்கோலம் கிளம்பிட்டாங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்யும்போது எனக்குப் பெருமை பிடிபடாது.

உண்மை எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. எதிரே வருவதெல்லாம் புகைக்குள் இருப்பது போலத் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னார். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொன்னார். பட்டறையில் தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். அது ஆட்குறைப்புக் காலம். எங்கள் வீட்டு வரிசையிலேயே வேலை போனவர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி, கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டோரில் இரும்புச் சாமான் எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. அதைக் கையால் தடவியே சமாளித்துவிடுவார். சைக்கிள் போகிற சடக்கைத் தடவிப் பார்க்க முடியுமா? அதற்குத்தான் நான். மணியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "சோத்தாங்கைப் பக்கம் பள்ளம்", "முன்னால ரிக்‌ஷா", "பீச்சாங்கைப் பக்கம் ஒதுங்குங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே போவேன். பார்ப்பவர்களுக்கு நான் ஒரு வாயாடி. பள்ளி விட்ட பிறகு, மாலைச் சங்கு ஊதும்வரை பட்டறை வாசல் மரத்தடியில் பசியோடு கிடப்பேன். அவர் தனியாக வீடு திரும்ப முடியாதே.

அப்புறம் எனக்கு அம்மை போட்டது. அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நான் வெளியே போகக் கூடாது. மறுநாள் காலை அப்பா என் பாயருகே வந்து நின்றார். "வேலைக்கு நேரமாகலையா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். அவர் என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

காய்ச்சலில் நான் உளறியிருக்கிறேன். "அப்பா, பள்ளம். வண்டி வருதுப்பா, ஓரமாப் போங்க." அம்மா முதலில் மாரியாத்தாளை வேண்டிக்கொண்டாளாம். நான் அதையே திரும்பத் திரும்பச் சொல்லவும், விஷயம் புரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுந்திருப்பதற்குள் பட்டறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. சடக்கோரம் நின்றிருந்த மாட்டு வண்டியில் அப்பா போய் மோதியிருந்தார். கை முறிந்தது. கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கண்ணையும் பார்த்துவிட்டார். வேலை போயிற்று.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அம்மா அழுதாள்.

"சொல்லியிருந்தா புள்ளைய சைக்கிள்ல ஏத்த விட்டிருப்பியா?"



எனக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு வீட்டைக் காலி செய்தோம். கிள்ளானில் அத்தை இடம் கொடுத்ததால் கப்பலுக்குத் தப்பினோம். வேறெதுவும் தப்பவில்லை. மூட்டையோடு அம்மா முன்னால் நடந்தாள். அப்பா நல்ல கையை என் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பழக்கத்தில், "சோத்தாங்கைப் பக்கம் பள்ளம்ப்பா" என்றேன்.

"விடு தாயி. இனிமே விழுந்தாத்தான் என்ன" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. நான் விடவில்லை. பள்ளம், கல், தண்டவாளம் என்று ஸ்டேஷன் வரைக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். நான் சொன்ன இடத்திலெல்லாம் அவர் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.